செம்பு, செவ்விளநீர், நாலு வெங்காயம்: எண்ணெய் வண்ணத்தில் படை படையாக ஒரு ஓவியம்

பூசிவிட்டுக் காத்திருக்கும்போது எண்ணெய் வண்ணத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், மீதி விதிகளைப் பாடமாக்கத் தேவையில்லை. நீர்வண்ணத்தில் தண்ணீர் ஆவியானால் காய்ந்தாயிற்று. எண்ணெய் வண்ணத்தில் நிறப்பொடியைப் பிடித்து வைத்திருப்பது ஆளிவிதை எண்ணெய், கடையில் லின்சீட் ஒயில் என்று கேட்டு வாங்குவது. அது ஆவியாகாது. காற்றில் இருந்து ஒட்சிசனை இழுத்து, சில நாளில் தோல் கட்டி, பல மாதத்தில் உள்வரை இறுகும். எண்ணெய் கூடிய படை இழுபடும்; குறைந்த படை இழுபடாது. இழுபடுவதற்கு மேலே இழுபடாததைப் பூசினால், கீழே அசைய அசைய மேலே வெடிக்கும். அதனால்தான் அடிப்படையில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போகக் கூட.

தேங்காயெண்ணெய் இப்படி இறுகாது. எத்தனை மாதம் வைத்தாலும் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும். நல்லெண்ணெயையும் நம்ப முடியாது. வீட்டில் இருக்கிறதே என்று இவற்றைக் கலக்க வேண்டாம். ஹாட்வெயார் கடையில் மரச்சாமானுக்குப் பூச விற்கும் 'போயில்ட்' லின்சீட்டும் சரிவராது. விரைவாகக் காய அதில் உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். படத்தில் அது கறுக்கும்.

படை படையாக வரைவதில் இன்னொரு வசதி, எல்லாச் சிக்கலையும் ஒரே நாளில் அவிழ்க்க வேண்டியதில்லை. முதற்படையில் எது எங்கே, எது இருட்டு என்று மட்டும் பார்க்கிறோம். இரண்டாவதில் உருட்சி. மூன்றாவதில்தான் நிறம். நாலாவதில் ஆழம். ஒரு படைக்கு ஒரு வேலை. தொடக்கத்தில் கெடும் படங்களில் பெரும்பாலானவை, முதல் நாளே செம்பின் மினுக்கத்தை வரையப் போனதால் கெட்டவை.

யன்னல்

வடக்கு யன்னலே ஓவியருக்கு நல்லது என்று ஐரோப்பியப் புத்தகங்கள் எல்லாம் சொல்லும். அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில் நிற்பதால் வடக்கு யன்னலில் நேர் வெயில் அநேகமாக விழாது. நாம் இருக்கும் திருகோணமலை வடக்கு அகலக்கோடு எட்டரைப் பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியில் இருந்து ஓகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு யன்னலால் காலையிலும் பின்னேரத்திலும் வெயில் சரிந்து உள்ளே வரும். நிழல் அரை மணிக்கொருமுறை இடம் மாறும். செப்டெம்பர் தொடக்கம் ஏப்ரல் தொடக்கம்வரை வடக்கு யன்னல் சொன்னபடி கேட்கும். மற்ற மாதங்களில் தெற்கு யன்னலுக்கு மாறுங்கள், அல்லது யன்னலில் வெள்ளைச் சீலை ஒன்றைக் கட்டி வெயிலை வடிகட்டுங்கள்.

வேலை முடிந்து வந்து இரவில் வரைபவர்களுக்கு ஒரு பல்ப் போதும். மஞ்சள் ஒளி வேண்டாம். பெட்டியில் 5000 கெல்வின் அல்லது அதற்குக் கிட்டிய எண் போட்ட எல்ஈடி வாங்குங்கள். பொருட்களுக்கு இடப்பக்கம், மேலே இருந்து சரிவாக விழ வையுங்கள். வரையும் கன்வஸுக்கும், நிறம் கலக்கும் தட்டான பலட்டுக்கும் அதே வகைப் பல்ப் இன்னொன்று. பொருளுக்கு ஒரு வெளிச்சமும் பலட்டுக்கு வேறு வெளிச்சமும் என்றால், இரவில் கலந்த நிறம் காலையில் வேறாகத் தெரியும். மழைக்காலத் தொடக்கத்தில் ஈசல் பல்பைத் தேடி வந்து ஈரப்படத்தில் ஒட்டும். அப்போதே பிடுங்கப் போனால் இறகோடு வண்ணமும் இழுபடும். விட்டுவிடுங்கள். படை காய்ந்தபின் உலர்ந்த தூரிகையால் தட்டினால் விழும்.

எதை வரைவது

ஒரு பித்தளைச் செம்பு, ஒரு செவ்விளநீர், நாலு சின்ன வெங்காயம், மடித்துப் போட்ட ஒரு வெள்ளை வேட்டித் துண்டு, பின்னால் கருநீலச் சாரம். இவ்வளவும் எந்த வீட்டிலும் கிடைக்கும். உலோகம், மெழுகுத் தோல், காய்ந்த சருகு, துணி என்று நாலு வகை மேற்பரப்பும் இதில் வந்துவிடுகிறது. வாழைப்பழம் வேண்டாம், நாலு நாளில் கறுக்கும். மீன் ஒரே அமர்வில் முடிக்கத் தெரிந்தவர்களுக்கு. ஒரு படத்துக்கு நாலைந்து கிழமை எடுக்கும் என்பதால் வெங்காயம், பூசணி, சங்கு, மண்சட்டி போன்றவையே தோது.

செவ்விளநீர் அவ்வளவு நாள் நிறம் மாறாமல் இருக்காது. அதற்கு ஒரு வழி உண்டு. பொருட்களை வைத்த முதல் நாளே, உள்ளங்கை அளவு மட்டையில் ஜெஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைப் பூசி, அதில் நிறங்களை மட்டும் அரை மணித்தியாலத்தில் போட்டு வையுங்கள். உருவம் சரியாக வர வேண்டியதில்லை. செவ்விளநீரின் வெளிச்சப் பக்கம் இது, நிழற்பக்கம் இது, வேட்டியின் நிழல் இது என்று திட்டுத் திட்டாக இருந்தால் போதும். மூன்றாம் கிழமையில் பழம் மங்கியபிறகு அந்த மட்டைதான் சாட்சி. கைபேசிப் படம் இதற்கு உதவாது. அது நிழலைக் கறுப்பாக்கி வெளிச்சத்தை வெளுக்கடிக்கும்.

செம்பைப் புளி போட்டு மினுக்க ஆசை வரும். மினுக்க வேண்டாம். பளபளக்கும் செம்பில் அறை முழுவதும் தெரியும், யன்னல், கதவு, உங்கள் முகம் உட்பட. கடற்காற்றில் அது ஒவ்வொரு நாளும் மங்கிக்கொண்டும் போகும். முதலே மங்கிய செம்பு அடங்கி நிற்கும்.

மட்டைப்பெட்டி ஒன்றின் ஒரு பக்கத்தையும் மேல்மூடியையும் வெட்டி, அதற்குள் பொருட்களை வைத்தால் வேறு வெளிச்சம் நுழையாது. ஒன்றை ஒன்று கொஞ்சம் மறைக்கும்படி வையுங்கள். இரண்டு விளிம்புகள் முட்டியும் முட்டாமலும் நிற்க விடாதீர்கள். படத்தில் அவை ஒட்டிப்போன மாதிரித் தெரியும். நீங்கள் இருப்பது ஒன்றரை மீற்றர் தள்ளி. கதிரைக் கால்களைச் சுற்றி நிலத்திலும், ஒவ்வொரு பொருளின் அடியைச் சுற்றித் துணியிலும் சோக்கால் கோடு போடுங்கள். வீட்டில் யாராவது செம்பை எடுத்துத் தண்ணீர் குடிக்கத்தான் போகிறார்கள்.

சாமான்

வண்ணம் எட்டு டியூப் போதும்: டைட்டானியம் வெள்ளை, லெமன் மஞ்சள், மஞ்சட்காவி, கட்மியம் சிவப்பு, அலிசரின் கிரிம்சன், பர்ன்ட் சியென்னா, பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரின் நீலம். வெள்ளையைப் பெரிய டியூபாக வாங்குங்கள். மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் முதலில் தீரும். புல்மோட்டைக் கடற்கரையில் கறுப்பாகக் கிடக்கும் மணலில் உள்ள இல்மனைட் இந்த வெள்ளைக்கு மூலப்பொருள் என்பதை நம்ப ஆளில்லை. அந்தக் கறுப்பு மணல் கப்பலேறிப் போகிறது. பிற நாட்டில் பிரித்தெடுத்த டைட்டானியம் டையொக்சைட் டியூபில் அடைபட்டு வருகிறது.

அலிசரின் வாங்கும்போது 'பேர்மனன்ட்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய வகை அலிசரின் வெளிச்சத்தில் வெளுக்கும். பெயருக்குப் பின்னால் 'ஹியூ' என்று இருந்தால் மலிவான நிறப்பொடியால் அதே சாயலைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பொருள். கட்மியத்தில் அப்படி இருந்தால் பழகுவதற்குப் பரவாயில்லை. சிங்க் வெள்ளையைத் தொடவே வேண்டாம். அதன் படலம் காலப்போக்கில் நொறுங்கும் தன்மை உடையது. கறுப்பு டியூபும் இப்போதைக்குத் தேவையில்லை: அம்பரும் அல்ட்ராமரினும் சேர்ந்தால் கறுப்பை விட உயிருள்ள இருட்டு வரும், விரைவாகவும் காயும். அம்பரில் உள்ள மங்கனீசு அதைக் காய வைக்கிறது.

தூரிகையில் பன்றிமயிர் பில்பேர்ட் (நுனி வளைந்த தட்டைத் தூரிகை) 4, 6, 8 என மூன்று, அகலத் தட்டை ஒன்று, மென்மயிர் உருண்டை 2 ஆம் இலக்கம் ஒன்று. ஒரு பலட் கத்தி. பழைய சாரத்தைக் கிழித்த துணி நிறைய. மூடியுள்ள ஜாம் போத்தல் இரண்டு.

வண்ணத்தை நீர்க்க வைக்கும் டர்பன்டைன் ஓவியக் கடையில் கிடைக்காவிட்டால் ஹாட்வெயாரில் எடுக்கலாம், சோதித்துவிட்டு. வெள்ளைக் கடதாசியில் ஒரு துளி விட்டு ஒரு மணித்தியாலம் பொறுங்கள். அடையாளமே இல்லாமல் போனால் நல்லது. எண்ணெய் வளையம் விட்டால் அதைக் கேற்றுக்குப் பெயின்ற் அடிக்க வைத்துக்கொள்ளுங்கள். தின்னர், மண்ணெண்ணெய் இரண்டும் படத்துக்கு ஆகாது.

கலவைகளை முதலே அளந்து மூன்று சின்னப் போத்தலில் வைத்துவிட்டால் பிறகு குழப்பம் வராது. முதலாவதில் 20 மில்லிலீற்றர் டர்பன்டைனுக்கு 5 லின்சீட். இரண்டாவதில் 20க்கு 10. மூன்றாவதில் 10க்கு 10. பாணி மருந்தோடு வரும் அளவுமூடி இதற்கு நன்று. போத்தலில் எண் எழுதுங்கள். மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

தளம்

30க்கு 40 சென்ரிமீற்றர் கன்வஸ் கைக்கு அடங்கும். கடையில் வெள்ளை பூசியே வருகிறது; ஆனாலும் மலிவான கன்வஸ் எண்ணெயை உறிஞ்சும். அக்ரிலிக் ஜெஸோ இரண்டு பூச்சு, ஒன்று கிடையாக, காய்ந்தபின் மற்றது நெடுக்காக. 320 இலக்க மணற்கடதாசியால் இலேசாகத் தேய்த்துத் தூசியைத் துடையுங்கள். பலகையில் வரைவதாக இருந்தால் பின்பக்கத்துக்கும் விளிம்புகளுக்கும் அதே பூச்சு. ஒரு பக்கம் மட்டும் பூசினால் வாடைக்கால ஈரத்தில் பலகை வளையும்.

வெள்ளைத் தளத்தில் வைக்கும் எந்த நிறமும் இருட்டாகத் தெரியும். பயந்து எல்லாவற்றையும் வெளுப்பாகப் போடுவோம். அதைத் தவிர்க்க ஒரு கடலை அளவு பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் வெறுந்தேநீர் நிறத்துக்குக் கரைத்து, துணியால் முழுக்கப் பூசி, உடனேயே துடைத்துவிடுங்கள். மிஞ்சுவது வைக்கோல் நிறமாக இருக்க வேண்டும். ஒரு நாள் காயட்டும்.

முதற்படை: அம்பர்

கோட்டைக் கரியால் போடுங்கள், பென்சிலால் வேண்டாம். எண்ணெய் வண்ணம் ஆண்டு செல்லச் செல்லக் கொஞ்சம் ஊடுதெரியத் தொடங்கும். பென்சில் கோடு அப்போது மேலே எட்டிப்பார்க்கும். கரிக்கோட்டைத் துணியால் தட்டி மங்கலாக்கிவிட்டு, டர்பன்டைனில் கரைத்த அம்பரால் மேலே ஒரு தரம் ஓட்டுங்கள்.

செம்பின் வாய்தான் எல்லோருக்கும் பிழை வரும் இடம். வட்டமான வாய் சரிவில் முட்டை வடிவாகத் தெரிகிறது. அதன் இரு முனையும் ஒருபோதும் கூராக இராது, சிறிய வளைவாகத்தான் திரும்பும். கண்மட்டத்துக்குக் கீழே போகப் போக அந்த முட்டை வடிவம் திறந்துகொண்டே போகும். வாயை விட அடி கூடுதலாக வளைய வேண்டும் என்பது இதனால்தான். வாயை நன்றாக வளைத்துவிட்டு அடியை நேர்கோடாகப் போட்டால், செம்பு மேசைக்குள் புதைந்தது போல் இருக்கும். நடுவில் ஒரு நிமிர்கோடு போட்டு இரு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். நேரே தெரியாத கோணல் கண்ணாடியில் உடனே தெரியும்.

இனி அம்பர் மட்டும். எண்ணெய் ஒரு துளியும் சேர்க்க வேண்டாம். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். விபரம் எல்லாம் போய் மூன்று தொனி மட்டும் மிஞ்சும்: இருட்டு, இடைநிலை, வெளிச்சம். இருட்டுக்கு அம்பரைக் கெட்டியாகப் போடுங்கள், இடைநிலைக்கு நீர்த்ததாக. வெளிச்சம் விழும் இடத்தைத் துணியால் துடைத்தெடுங்கள், தளம் தெரியட்டும். பொருளின் நிழலும் பொருள் மேசையில் விழுத்தும் நிழலும் சேர்ந்து ஒரே இருட்டாகத் தெரிந்தால், சேர்த்தே போடுங்கள். அவற்றுக்கு இடையில் கோடு கீறிப் பிரிக்கத் தேவையில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. டர்பன்டைனை அள்ளி ஊற்றினால் நிறப்பொடியைப் பிடிக்கும் எண்ணெய் மெலிந்து, காய்ந்தபின் விரலில் மாவாக ஒட்டும். அப்படி ஒட்டினால் மேலே தொடராதீர்கள். துடைத்து மறுபடி போடுங்கள். மோர்ப் பதத்துக்கு மேல் நீர்க்க வேண்டாம்.

1639இல் ஒல்லாந்தர் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்த அதே காலத்தில், அவர்களுடைய நாட்டில் ஹார்லெம் நகரத்தில் பீட்டர் கிளாஸ், வில்லெம் ஹெடா என்ற இருவர் ரொட்டி, எலுமிச்சை, கிண்ணம் என்று மேசைச் சாமான்களை ஏறக்குறைய ஒரே மண்ணிறத்தில் வரைந்துகொண்டிருந்தார்கள். அம்பர் படை சரியாக வந்த நாளில், நிறமே இல்லாமல் படம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பது அவர்களுடைய படங்களில் போலவே தெரியும்.

காய்ந்த தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் இந்தப் படை இரண்டு நாளில் காயும்.

இரண்டாம் படை: சாம்பல்

அம்பரையும் அல்ட்ராமரினையும் சம அளவில் கலந்தால் கறுப்புக்குக் கிட்டிய இருட்டு வரும். அதில் வெள்ளையைச் சேர்த்துச் சேர்த்து ஐந்து குவியல் செய்யுங்கள், ஒவ்வொன்றும் பெரிய புளியங்கொட்டை அளவில். பலட்டில் வரிசையாக வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் படிக்கட்டு மாதிரிச் சம இடைவெளியில் இறங்க வேண்டும். பெரும்பாலும் நடுவில் இரண்டு ஒன்றுபோலவே இருக்கும். அதைத் திருத்திவிட்டுத்தான் தூரிகையை எடுக்க வேண்டும். முதலாம் போத்தலில் இருந்து குவியலுக்கு இரண்டு மூன்று துளி.

இந்தப் படையின் வேலை உருட்சி. வெளிச்சத்தில் வண்ணம் கொஞ்சம் தடிப்பாக, நிழலில் அம்பர் ஊடுதெரியும் அளவுக்கு மெல்லியதாக. தூரிகை பொருளின் வளைவோடு போகட்டும். செவ்விளநீர் முழு உருண்டை அல்ல. காம்பைச் சுற்றி மூன்று மழுங்கிய மேடுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் இடைநிலை நிழல் தனித்தனியாக உண்டு. அதைப் பந்தாக வரைந்தால் தோடம்பழமாகிவிடும்.

இறுதியில் வர வேண்டிய தொனியை விட ஒரு படி வெளிச்சமாகவே எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மேலே வரும் நிறப்படைகள் இருட்டாக்கத்தான் செய்யும். வெள்ளை வேட்டியின் நிழலைப் பொறுத்தவரை கண்ணை நம்புங்கள், அறிவை நம்பாதீர்கள். வேட்டி வெள்ளை என்று தெரிந்ததால் அதன் நிழலை வெளுப்பாகப் போடுகிறோம். வெளிச்சத்தில் இருக்கும் வெங்காயத்தை விட அந்த நிழல் இருட்டு.

காய ஐந்து முதல் ஏழு நாள். வாடைக்காலத்தில் இன்னும் சில நாள் கூட. வெயிலில் தூக்கி வைத்தால் மேலே மட்டும் தோல் கட்டும், உள்ளே ஈரம் கிடக்கும். நல்ல வெளிச்சமும் காற்றும் உள்ள அறைச் சுவரே சரி. இருட்டு அலுமாரிக்குள் வைத்தால் எண்ணெய் மஞ்சளிக்கும். கச்சான் காலத்தில் காற்றோடு மணலும் வரும். படத்தின் முகத்தைச் சுவர்ப்பக்கம் சரித்து, மேலே ஒரு மட்டையைக் கூரையாக வையுங்கள். காய்ந்ததா என்று பார்க்க மூலையில் நகத்தால் மெல்ல அழுத்துங்கள். தடம் விழுந்தால் பொறுங்கள்.

மூன்றாம் படை: நிறம்

தொனி தீர்ந்துவிட்டதால் இப்போது நிறத்தை மட்டும் யோசிக்கலாம். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று குவியல்: வெளிச்சம், இடைநிலை, நிழல். எல்லாக் குவியலையும் முதலே கலந்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வரைந்துகொண்டே கலந்தால் ஒவ்வொரு முறையும் வேறு நிறம் வரும். இரண்டாம் போத்தல்.

படத்தில் பார்வை போய் நிற்கப்போவது செம்பில்தான், அதைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். பித்தளை என்றால் மஞ்சள் என்று மனம் சொல்லும். உண்மையில் மஞ்சள் தெரிவது இடது தோளில் ஒரு பட்டை மட்டும். அதற்கு மஞ்சட்காவி மூன்று பங்கு, வெள்ளை ஒரு பங்கு, லெமன் தூரிகை நுனியில் ஒட்டும் அளவு. அதை அடுத்து வயிற்றின் நடுவில் மண்ணிறம்: காவி இரண்டு, அம்பர் ஒன்று. பிறகு படிப்படியாக மங்காமல், திடீரென்று ஒரு இருட்டுப் பட்டை வரும். கருநீலச் சாரம் அங்கே தெரிகிறது. அம்பர் இரண்டு, அல்ட்ராமரின் ஒன்று. அந்தப் பட்டையின் ஓரம் காவியோடு சேரும் இடத்தில் இலேசான பச்சை ஓடும். அதை விட்டுவிடாதீர்கள், பித்தளைக்கு அந்தப் பச்சைதான் அடையாளம். வலது விளிம்புக்கு வந்தால் மறுபடி வெளிச்சம், ஆனால் செம்மஞ்சளாக: பக்கத்தில் இருக்கும் செவ்விளநீர் செம்பில் விழுந்து நீண்டு வளைந்து கிடக்கிறது. பர்ன்ட் சியென்னாவும் காவியும், அம்பரால் கொஞ்சம் அடக்கி. அடிப்பக்கத்தில் வேட்டியின் வெண்மை ஒரு பிறைபோல.

இந்தப் பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று தடவிக் கரைக்கக் கூடாது. வெளிச்சமும் இருட்டும் இப்படிச் சட்டென்று மாறுவதால்தான் உலோகம் உலோகமாகத் தெரிகிறது. மெல்ல மெல்லக் கரைத்தால் அது மஞ்சள் பூசிய மண்சட்டி. ஓவியம் பழகுபவர்கள் செம்பைப் பற்றி முறையிடுவதில் பத்துக்கு எட்டு இந்தத் தடவலால் வருவது.

செவ்விளநீருக்கு லெமன் மஞ்சளும் கட்மியம் சிவப்பும். நிழலுக்குக் கறுப்பைச் சேர்த்தால் மஞ்சளோடு கலந்து பாசிப் பச்சையாகும். பர்ன்ட் சியென்னாவும் அலிசரினும் கொஞ்சம் அல்ட்ராமரினும் போடுங்கள். வெங்காயத்தின் ஊதாச் சிவப்பு அலிசரினில் இருந்து வரும், காய்ந்த மேற்சருகு காவியில் இருந்து. வேட்டிக்கு டியூப் வெள்ளையை அப்படியே போடாமல் ஒரு துளி காவி சேர்த்துக்கொள்ளுங்கள். யன்னலால் வரும் வான வெளிச்சம் குளிர்ந்தது, எனவே வெளிச்சம் நீலச் சாயலும் நிழல் மண் சாயலும் காட்டும். மஞ்சள் பல்ப் என்றால் இது தலைகீழ்.

சேறு என்பது ஒரு நிறம் அல்ல, கை ஓயாததால் வருவது. மூன்று நிறத்துக்கு மேல் ஒரு குவியலில் சேராமல், ஒரே இடத்தில் மூன்று தடவைக்கு மேல் தூரிகை போகாமல் இருந்தால் சேறு வராது. வந்துவிட்டால் மேலே மேலே பூசித் திருத்த முயல வேண்டாம். பலட் கத்தியால் சுரண்டி எடுங்கள். கீழே சாம்பற்படை பத்திரமாக இருக்கும். படை படையாக வரைபவருக்குக் கிடைக்கும் பெரிய சலுகை இது.

இந்தப் படை காய ஏழு முதல் பத்து நாள். காய்ந்தபின் சில இடம் மினுங்கி, சில இடம், முக்கியமாக அம்பர் போட்ட இருட்டுகள், சாம்பல் பூத்ததுபோல் மங்கிக் கிடக்கும். கீழ்ப்படை எண்ணெயை உறிஞ்சியதால் வருவது. நிறம் பிழையாகிவிட்டது என்று நினைத்து இன்னும் இருட்டாகப் பூசிவிடாதீர்கள். துணியில் ஒரு துளி லின்சீட் எடுத்து மங்கிய இடத்தில் தேய்த்து, உடனே வேறு துணியால் மிச்சத்தைத் துடைத்தால் பழைய நிறம் திரும்பும். துடைக்க மறந்தால் அந்த எண்ணெய் சுருக்கம் விழுந்து காயும்.

மேற்படைகள்

ஊடுதெரியும் நிறத்தை மெல்லியதாக மேலே ஓட்டுவது மெருகுப்படை. கண்ணாடித் தாள் போர்த்தியதுபோல் கீழ்நிறம் அதனூடாக ஒளிரும். அலிசரின், அல்ட்ராமரின், பர்ன்ட் சியென்னா ஊடுதெரிபவை. கட்மியம், காவி, டைட்டானியம் மறைப்பவை. மூன்றாம் போத்தல், ஆனால் மிகக் குறைவாக. மிளகளவு அலிசரினைக் கலவையில் தளர்த்தி, செவ்விளநீரின் நிழற்பக்கத்தில் மென்தூரிகையால் பரப்பி, பிறகு துணியை உருட்டி ஒற்றி எடுங்கள். பூசியதில் பாதி துணியோடு வந்துவிட வேண்டும். வழியும் அளவுக்குப் போட்டால் அது தோல் கட்டிச் சுருங்கும். கீழ்ப்படை நன்றாகக் காய்ந்திருப்பது கட்டாயம். இல்லாவிட்டால் மெருகு அதைக் கரைத்து மேலே கொண்டுவரும்.

இதற்கு எதிர்வழியும் உண்டு. வெளிறிய, மறைக்கும் நிறத்தை எண்ணெய் இல்லாமல் தூரிகையில் எடுத்து, துணியில் பெரும்பாலும் துடைத்துவிட்டு, இருண்ட பரப்பின் மேல் உரசினால் புள்ளி புள்ளியாகப் பிடிக்கும். வெங்காயச் சருகுக்கும் வேட்டியின் நெசவுக்கும் இது வாய்க்கும். தூரிகையைக் கிடையாகப் பிடித்து, கை எடை இல்லாமல் இழுங்கள்.

கடைசியாக மினுக்கப் புள்ளிகள். செம்பின் தோளில் ஒன்று, வாயின் விளிம்பில் ஒன்று, செவ்விளநீரில் மங்கலாக ஒன்று. வெங்காயத்தில் தேவையில்லை. வெள்ளையில் மிகச் சிறிது லெமன், தடிப்பாக, ஒரே தொடுகை. சரியான இடத்தில் விழாவிட்டால் தடவித் திருத்தாமல் கத்தி நுனியால் எடுத்துவிட்டு மறுபடி. செவ்விளநீரின் மினுக்கத்தைச் செம்பினது அளவுக்குக் கூர்மையாக்கினால் பழமும் பித்தளையாகும். கூர்மையான விளிம்பைச் செம்புக்கும் முன்னால் உள்ள ஒரு வெங்காயத்துக்கும் மட்டும் கொடுங்கள். மற்றவற்றின் நிழற்பக்க விளிம்பை உலர்ந்த தூரிகையால் ஒருமுறை நீவிப் பின்துணியோடு கலக்கவிடுங்கள்.

தடிப்பும் மெல்லிசும் அச்சுப்படத்தில் தெரிவதில்லை. கொழும்புப் பக்கம் போகும்போது பார்ன்ஸ் பிளேஸில், ஓவியர் ஹரி பீரிஸின் வீடாக இருந்த சபுமல் பவுண்டேஷனில், 1943இல் தொடங்கிய '43 குழு' என்ற நவீன ஓவியர் குழுவினரின் எண்ணெய் ஓவியங்களைக் கிட்ட நின்று பார்க்கலாம். நேரே பார்த்தபின் பக்கவாட்டில் நின்று வெளிச்சம் சரியும் கோணத்தில் பாருங்கள், எந்தத் தூரிகை எந்தத் தூரிகைக்கு மேலே போனது என்று தெரியும்.

துணி, தூரிகை, கை

லின்சீட் ஊறிய துணி தானாகத் தீப்பிடிக்கும். மிகைப்படுத்தல் அல்ல: எண்ணெய் ஒட்சிசனை இழுக்கும்போது சூடு வெளிவரும், துணி சுருண்டு குவிந்து கிடந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறும். நம்முடைய வெக்கையில் இன்னும் விரைவாக. துணிகளைக் கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள பால்மா டின்னுக்குள் போடுங்கள். குப்பைக்கூடையில் பந்தாக எறிய வேண்டாம்.

தூரிகையைத் துணியால் துடைத்து, டர்பன்டைனில் அலசி, பிறகு சவர்க்காரத்தில் உள்ளங்கையில் தேய்த்து நுரை வெள்ளையாக வரும்வரை கழுவுங்கள். காயத் தொடங்கிய வண்ணத்தை இளக்கத் தேங்காயெண்ணெய் உதவும். ஆனால் பின்னர் இரண்டு தரம் சவர்க்காரம் போட வேண்டும். மயிருக்குள் மிஞ்சும் எண்ணெய் அடுத்த படத்தைக் காயவிடாது. அழுக்கு டர்பன்டைனைக் கிணற்றடியிலோ கானிலோ ஊற்றாமல் மூடி வைத்தால் இரண்டு நாளில் நிறப்பொடி அடியில் படியும், மேலே தெளிந்ததைத் திரும்பப் பாவிக்கலாம். குசினியிலோ காஸ் அடுப்புக்குக் கிட்டவோ போத்தலைத் திறக்க வேண்டாம். யன்னல் திறந்திருக்கட்டும். கட்மியம் நஞ்சு, சோற்றில் கை வைக்கும் முன் நகத்தடியையும் கழுவுங்கள்.

வார்னிஷ் பூசக் குறைந்தது ஆறு மாதம், தடிப்பான இடங்கள் இருந்தால் ஒரு வருடம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் வார்னிஷும் வண்ணமும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கிப் பின்னால் பிரிக்க முடியாமல் போகும். கச்சான் காலத்துக் காய்ந்த நாள் ஒன்றில், காற்று அடங்கிய காலையில் பூசுங்கள். மழை நாளில் பூசிய வார்னிஷ் பால்போல் வெளிறும். மாட்டுவதற்குச் சாமியறைச் சுவர் வேண்டாம், சாம்பிராணிப் புகையும் விளக்குக் கரியும் படியும். வாடைக்காலத்தில் வெளிச்சுவர்கள் ஈரம் கசியும். சட்டத்தின் பின்பக்க நாலு மூலையிலும் போத்தல் மூடிக் கோர்க்கைப் பாதியாக வெட்டி ஒட்டினால், படத்துக்கும் சுவருக்கும் இடையில் காற்றோட ஒரு விரல் இடைவெளி கிடைக்கும். பூஞ்சணம் பின்பக்கத்தில்தான் தொடங்கும், மாதம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.